ரௌடி காத்த மூலை

கல்பனா: மீன் தீனிய ஒரே எடத்துல கொட்டாத இளவரசி. பரவலா போடு.

இளவரசி: பரவலாத்தான் அக்கா போடுறேன்... தோ, வந்துட்டான் ரௌடி.

கல்பனா: கருப்பியப் பாரு. வாலுல பாதிதான் மிச்சம் கீது.

இளவரசி: தொரத்துறான்... மண்சட்டிக்குப் பின்னால பூந்துக்கிச்சு அக்கா.

கல்பனா: துன்னுச்சா?

இளவரசி: வாயில வாங்கித் துப்பிட்டு ஓடிச்சு.

கல்பனா: ஏழு மீனு கீற தொட்டியில ஒருத்தனே துன்னா எப்படி? மணி இன்னா?

இளவரசி: பத்தரை. பதினோரு மணிக்கு வாலாஜாபாத்து மீன்கடக்காரரக் கூட்டிக்கினு வந்துடுறேன்னு அவரு ஃபோன் பண்ணாரு. கவர்ல தண்ணி ரொப்பி வைக்கணுமாம்.

கல்பனா: ரௌடியக் குடுக்கவா?

இளவரசி: கௌராமி மீனு சாதியே அப்படித்தான், திருந்தாதுன்றாரு. நான் கெஞ்சிக் கேட்டுக்கீறேன். வந்ததும் ஒரே ஒரு வாட்டி தீனி போட்டுக் காட்டுறோம், தொரத்தாம எல்லாம் துன்னா ரௌடி இங்கியே இருக்கட்டும்னு. இல்லாட்டி கவர்லதான்.

கல்பனா: போனா போவட்டும். எனக்கு இன்னா வந்துச்சு.

இளவரசி: எனக்கு மட்டும் இன்னா? போவட்டும்.

கல்பனா: அப்ப ஏன் காலையிலேர்ந்து டீ வடிகட்டியத் தூக்கிக்கினு அவன் பின்னாடி அலையிற? அத்த அதத் தேடிக்கினு கீறாங்க.

இளவரசி: அவன ஓரமா மறிச்சு வெச்சா மத்ததுங்க துன்னும்னு பாத்தேன்... நீங்க மட்டும்? அடுப்புல கொழம்ப வெச்சிட்டு வந்து சட்டி, செடி எல்லாத்தையும் எடம் மாத்தினீங்க.

கல்பனா: எடம் மாறிட்டா, இது என் எடம்னு சண்டைக்குப் போவமாட்டான்னு வீடியோவுல சொன்னான்டி.

இளவரசி: மாத்தி இன்னா? திரும்பவும் இந்த மூலைக்கே வந்து நிக்கிறான். இங்க இன்னாதான் கீதோ. நாம தீனிய நடுவுலதான போடுறோம்...

கல்பனா: பேசிக்கினே இருந்தா ஆவாது. ரெண்டு பக்கமும் ஒண்ணா போடலாம். நான் இந்த மூலையில போடுறேன். நீ அந்தாண்ட போ.

இளவரசி: நான் தொட்டிக்குப் பின்னால நின்னு போடுறேன்.

கல்பனா: அங்க நீல பேப்பர் ஒட்டிக்கீதே. உனக்கு ஒண்ணும் தெரியாதே.

இளவரசி: பரவால்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க.

கல்பனா: சரி, நிக்கிறியா... ரௌடி எங்கிட்ட வந்துட்டான். போடு, போடு.

இளவரசி: போட்டுட்டேன். இன்னா ஆச்சு?

கல்பனா: இரு... கருப்பி வெளிய வருது... ஒண்ணு துன்னுச்சு. இன்னொண்ணு. மஞ்சளு ரெண்டும் வருது... ஏய், எல்லாம் துன்னுதுடி!

இளவரசி: ரௌடி?

கல்பனா: என் விரலாண்டயே ஆடிக்கினு கீறான். திரும்பிக்கூடப் பாக்கல.

இளவரசி: உங்க கையில தீனி கீதா?

கல்பனா: அது அப்பவே தீந்துடுச்சு.

இளவரசி: அப்புறம் ஏன் அங்கியே நிக்கிறான்?

கல்பனா: ...பொடவ கலரப் பாத்து நிக்கிறான் போல.

இளவரசி: நைட்டிதான் அக்கா போட்டுக்கீறீங்க... வண்டிச் சத்தம். அவருதான்.

வினோத்குமார்: கவரு ரெடியா? கடக்காரரு வாசல்ல கீறாரு.

இளவரசி: மொதல்ல தீனி போடணும். பேச்சு மாறாதீங்க.

வினோத்குமார்: சரி, போடு. நீ ஏன் பின்னால போய் ஒளியிற?

இளவரசி: இங்கேர்ந்தே...

வினோத்குமார்: முன்னால வந்து போடு. நீ கொட்டுறது எனக்குத் தெரிய வாணாமா?

கல்பனா: ஏய்... என்ன வுட்டுட்டு உன்னாண்ட வரான்டி.

வினோத்குமார்: பாத்தியா? கருப்பிய முட்டிட்டான். போதும், கவர எடு.

இளவரசி: இன்னொரு வாட்டிங்க. ஒரே ஒரு வாட்டி.

வினோத்குமார்: எத்தினி வாட்டி...

கல்பனா: இரு தம்பி. இளவரசி, நீ இங்க வா. என் பக்கத்துல, கண்ணாடிய ஒட்டி நில்லு. தம்பி, டப்பாவ வாங்கி நீ அந்தாண்ட போடு.

வினோத்குமார்: நான் போட்டா மட்டும் இன்னா அண்ணி மாறப்போவுது?

கல்பனா: போடேன்.

வினோத்குமார்: போட்டாச்சு... கருப்பி வருது... அட. மஞ்சளும் வருது... நாலு... அஞ்சு... ஆறும் துன்னுது அண்ணி.

இளவரசி: தொரத்தலியே?

வினோத்குமார்: எங்க தொரத்துறான்? உங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்துக்கினு நிக்கிறான்.

இளவரசி: அப்ப கடக்காரர...

வினோத்குமார்: அனுப்பிடுறேன். ஆனா தெனம் இதே மாதிரி ரெண்டு பேரும் வந்து நிக்கணும். முடியுமா?

கல்பனா: நிப்போம், நிப்போம். உத்திரமேரூரு வரைக்கும் வந்த மனுசன வெறும் வாயோட அனுப்பாத. மோர் எடுத்துக்கினு போ.

இளவரசி: ...போயிட்டாரு. இப்ப சொல்லுங்க. உங்க விரலப் பாத்தா அவன் ஏன் அப்படி ஆடுறான்?

கல்பனா: மத்தியானம் எல்லாரும் படுத்தப்புறம்... இந்த மூலையில அவனுக்கு மட்டும் ரெண்டு உருண்ட போடுவேன்.

இளவரசி: அதான் இங்கியே காவக் காத்துக்கினு கீறான். எவ்ளோ நாளா?

கல்பனா: ஆடியிலேர்ந்து. நான் கூடத்துக்கு வந்தா இந்த வூட்டுல ஒருத்தரும் ஃபோன வுட்டுத் தலையத் தூக்கமாட்டாங்க. இவன் மட்டும் அந்தக் கோடியிலேர்ந்து ஓடியாருவான்... என்னாலதான் கருப்பி வாலு போச்சுன்னு இப்பதான் புரியுது. உன் வூட்டுக்காரருகிட்ட சொல்லிடாத.

இளவரசி: சொல்லமாட்டேன்.

கல்பனா: அது சரி... தெனம் போடுற என்னையே வுட்டுட்டு, உன் மூஞ்சியப் பாத்ததும் ஏண்டி அங்க ஓடினான்?

இளவரசி: சாயங்காலம் நீங்க பால் வாங்கப் போவீங்கல்ல, அப்ப நானும் ரெண்டு போடுவேன் அக்கா... போட்டுட்டு, யாருகிட்டயும் சொல்ல முடியாததெல்லாம் அவங்கிட்ட சொல்லுவேன். கோச்சிக்காதீங்க... அதுல பாதி உங்க மேல பிராதுதான்.