மூன்று தடவை தப்பானால்

உங்கள் வரவேற்பறைக் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடுகிறது, டாக்டர். யாரையாவது சரிசெய்யச் சொல்லுங்கள். என் மனைவி பார்த்தால் அதற்கும் தன் தலையைத்தான் சந்தேகப்படுவாள்.

பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை, பிறகு ஏன் இப்படி என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அவள் பள்ளிப் பாடநூல் எழுதுகிறவள். எழுதியதெல்லாம் ஒரு லேப்டாப்பில் இருந்தது. போன வருடம் வேறு ஊரில் பெரிய வேலைக்குக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் மாதிரிப் பாடங்களை அனுப்ப வேண்டும். "நான் மட்டும் போறேங்க. இனிமே சேர்ந்திருக்க முடியாது" என்றாள், துணி மடித்துக்கொண்டே. இருபத்திரண்டு வருடம். எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

ஞாயிறு காலை அவள் குளிக்கப் போனபோது, லேப்டாப்பை ஆன் செய்ததும் கேட்கிற பாஸ்வேர்டை மாற்றினேன். பழையது எனக்குத் தெரியும். அவள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. ஒரு நாள் தாமதமானால் மனசு மாறுவாள் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மூன்று தடவை தப்பானால் அது நின்றுவிடும். அணைத்து மறுபடி போட வேண்டும். மத்தியானம் வரை போட்டாள். "தினமும் அடிக்கிறதுங்க. விரலே தானா போகும். எப்படி மறந்தேன்?" அவள் அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே யாரென்று கேட்டவர். "பதறாதே. உங்கம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது" என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

ரிப்பேர் கடைக்காரர் நல்ல மனிதர். "வாங்கின பில்லைக் காட்டினா கம்பெனியிலயே திறந்து குடுத்துடுவாங்க, மேடம்" என்றார். பில் என் சட்டைப்பையில் இருந்தது. அவளோடு சேர்ந்து நானும் வீடு முழுக்கத் தேடினேன். பீரோவுக்கு அடியில் படுத்துக்கூடத் தேடினேன்.

அதன் பிறகு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மூக்குக்கண்ணாடியை இடம் மாற்றி வைத்தேன். சாவியை இரண்டு தடவை. அடுப்பை ஒரே ஒரு தடவை எரியவிட்டேன், பக்கத்திலேயே நின்றுகொண்டுதான். மீதியை அவளே பார்த்துக்கொண்டாள். வேலை வேண்டாமென்று எழுதிக்கொடுத்தாள். கடைக்குப் போனாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அந்த ஐந்து மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன், டாக்டர். அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு அவளாகவே போன் செய்து, மறதி நோயாளிகளுக்கான உங்கள் விடுதியில் வந்து சேர்ந்துகொண்டாள். "உங்களுக்குப் பாரமா இருக்க வேணாம்" என்றாள். எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன். இப்போது ஒரு தட்டுதான் கழுவுகிறேன். அழுகையாக வருகிறது.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. புது பாஸ்வேர்டை அவள் கண்டுபிடிக்கக்கூடியதாகத்தான் வைத்தேன். என் பெயர்தான் அது. லேப்டாப்பை இங்கேயும் கொண்டுவந்திருக்கிறாள், போட்டுப் பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுதிக் கோடு போட்டு அடித்து வைத்திருக்கிறாள். எட்டுப் பக்கம். அம்மா பெயர், தங்கை பிறந்த நாள், செத்துப்போன நாய்க்குட்டியின் பெயர்கூட இருக்கிறது. வரிவரியாகப் பார்த்துவிட்டேன். என் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. ஒரு தடவை போட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

நீங்களே சொல்லுங்கள், டாக்டர். மறந்தது அவள்தானே.