படுத்துக்கொண்டு பரிவட்டம் கட்டுவதில்லை

முந்திரிப்பருப்பு இல்லாத சர்க்கரைப் பொங்கலும் நன்றாகத்தான் இருக்கும், இன்ஸ்பெக்டர் அம்மா. நெய்யும் ஏலக்காயும் சரியாக விழுந்தால் யாரும் முந்திரியைத் தேட மாட்டார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சாப்பிட்டுப் பழகினோம். எனக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை.

என் பெயர் ஆனந்தகுமார். பிள்ளையார்பாளையத்தில் தறி. செத்துப்போன திருஞானசம்பந்தம் என் கூடப்பிறந்த அண்ணன். இருவருக்கும் ஒரே தறிதான். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடலை அண்ணன் நெய்வார். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவை நான் தள்ளுவேன். நெய்து முடித்ததும் சம்பந்தம் நெய்த புடவை என்பார்கள். ஊர் வழக்கம் அது, யாரையும் குறை சொல்ல முடியாது.

அவருக்கு முந்திரி ஆகாது என்பது வயதான பிறகுதான் தெரிந்தது. ஒரு கல்யாண விருந்து முடிந்து வந்து தறியில் உட்கார்ந்தவர், உள்ளங்கையைப் பரபரவென்று சொறிந்தார். உதடு வீங்கியது. மூச்சு விசில் அடித்தது. ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடி, எப்படியோ பிழைக்க வைத்தோம். கமலாட்சி அண்ணிக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். அதனால் டாக்டர் வீட்டில் வைத்துக்கொள்ள ஊசிமருந்தைக் கொடுத்து, என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

நல்ல டாக்டர். பொறுமையானவர். வெறும் தடிப்பு என்றால் பதற வேண்டாம், தடிப்போடு இருமலோ, குரல் கம்முவதோ, வாந்தியோ, தலைச்சுற்றலோ சேர்ந்தால் மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, தொடையின் வெளிப்பக்கம் உடனே ஊசி போட வேண்டும் என்றார். மருந்தை எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டினார். பிறகு ஆளைப் படுக்கவைத்துக் காலை உயரமாக வைக்கச் சொன்னார். தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை எழுப்பி நிறுத்தவே கூடாதாம். ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கி, இதயத்துக்குத் திரும்பி வர ஒன்றும் இருக்காதாம்.

"சும்மா எழுந்து நின்னாலேவா சார்?" என்று கேட்டேன்.

"நின்னாலே போதும். நின்ன இடத்துலயே போனவங்க இருக்காங்க."

இவ்வளவு கவனமாகக் கேட்கிற ஆளைப் பார்த்ததில்லை என்று பாராட்டினார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பங்குனி உற்சவத்தில் ஒரு நாள் காலை எங்கள் தெரு உபயம். சாமி எங்கள் வீட்டு வாசலில் நிற்பார். சாமிக்குச் சாத்திய துணியைக் குருக்கள் எடுத்து எங்கள் குடும்பத்தில் மூத்தவருக்குத் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார். பந்தல், பூ, மேளம், பிரசாதம் எல்லாம் என் பொறுப்பு. அண்ணன் குளித்துவிட்டு வந்து நிற்பார், அவ்வளவுதான். அவர் தலையில் துணி ஏறும்போது நான் பின்கட்டில் அடுப்புப் பக்கம் இருப்பேன். வயிறு எரியும். மறைப்பானேன், எரிந்தது.

ஒருமுறை வாய்விட்டே கேட்டேன். "ஒரே ஒரு வருசம் நான் கட்டிக்கிறேண்ணா."

சிரித்தார். "நான் இருக்கிற வரைக்கும் நீ எதுக்குப்பா கஷ்டப்படற?"

பிரியமாகத்தான் சொன்னார். அவருக்கு என்மேல் கொள்ளைப் பிரியம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உபயத்தன்று சமையலுக்கு வந்தவள் பூவம்மாள். சாமிக்குப் பெரிய பாத்திரத்தில் முந்திரி போட்ட பொங்கல், அண்ணனுக்குச் சின்னப் பாத்திரத்தில் முந்திரி இல்லாதது. இரண்டுக்கும் தனித்தனிக் கரண்டி. அண்ணன் கொஞ்சம் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் கையைச் சொறிந்தார், இருமினார், குரல் கம்மியது. நான் ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை. ஊசியைப் போட்டேன். பாயில் படுக்கவைத்து, ஜரிகைப் பெட்டியை இழுத்துக் காலுக்கு அடியில் வைத்தேன். ஆம்புலன்சுக்கும் நானே போன் செய்தேன். தெருவெல்லாம் கூட்டம், வண்டி பெரிய ரோட்டிலேயே நின்றுவிட்டது.

அதற்குள் அண்ணன் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. இரண்டு வார்த்தை பேசினார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ இல்லன்னா இந்நேரம் என்னா ஆயிருக்கும் தம்பி."

அப்போது வாசலில் நாதஸ்வரம் கேட்டது.

"எழுந்துருண்ணா, சாமி வந்துட்டாரு" என்றேன்.

அண்ணி குறுக்கே கையை நீட்டினார். "வேணாம் தம்பி. டாக்டரு படுக்கவே வெக்கச் சொன்னாருல்ல? படுத்துக்கினே கும்பிடட்டும்."

"படுத்துக்கினு யாராவது பரிவட்டம் கட்டிப்பாங்களாண்ணி? சாமி வாசல்ல நின்னுக்கினு இருக்குது, மனுசன் பாய்ல கெடக்கறதா?"

எங்கள் தெருவில் இதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது. அண்ணியும் கையை இறக்கிவிட்டார். அண்ணனே என் பக்கம் கையை நீட்டினார். பக்கத்து வீட்டு சபாபதி இடது கையையும் நான் வலது கையையும் பிடித்து வாசலில் நிறுத்தினோம். குருக்கள் துணியைக் கட்டினார். அண்ணன் கைகூப்பப் பார்த்தார். முகம் வெளுத்தது, கண் மேலே செருகியது, மொத்தப் பாரமும் என் கைக்கு வந்தது. சபாபதி பதறிப்போய்க் கையை விட்டுவிட்டான். நான் விடவில்லை. விழாமல், நிமிர்த்தியே பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணனைக் கீழே போட மனசு வரவில்லை பாவம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஒரு வருஷம் தீட்டு, வீட்டுக்கு மரியாதை வராது என்பது தெரிந்ததுதான். அதை முன்பே யோசித்து மனசைத் தேற்றிவைத்திருந்தேன்.

பூவம்மாளை இப்போது யாரும் சமையலுக்குக் கூப்பிடுவதில்லை. பாத்திரத்தைக் கலந்துவிட்டாள் என்கிறார்கள். அவள் தனித்தனியாகத்தான் வைத்தாள். பெரிய பாத்திரத்துக் கரண்டியால் சின்னப் பாத்திரத்தைக் கிளறியவன் நான்.

இந்த வருஷம் தெருக் கூட்டம் போட்டார்கள். பரிவட்டம் தலையில் இருக்க, சாமி எதிரில் நிற்க உயிர் போயிற்றே, இப்படிப்பட்ட சாவு யாருக்கு வாய்க்கும் என்று உருகினார்கள். அண்ணன் படத்தைப் பெரிதாகப் போட்டு மண்டபத்தில் மாட்டினார்கள். அவர் புண்ணியவான், இனி மரியாதை அவர் வாரிசுக்குத்தான் என்றார்கள். அண்ணன் மகன் தினேஷ் செவிலிமேட்டில் வீடு கட்டிக்கொண்டு, தினம் கம்பெனி பஸ்ஸில் போகிறவன். கற்பூரத் தட்டை எந்தக் கையில் வாங்குவது என்றுகூடத் தெரியாது.

"உம் புள்ள மாதிரிதானே தம்பி, பக்கத்துல நின்னு சொல்லிக்குடு" என்றார் அண்ணி.

நின்றேன். சொல்லியும் கொடுத்தேன். குனி, தம்பி, குருக்களுக்கு எட்டவில்லை என்றேன். குனிந்தான். கட்டினார்கள். மறுநாள் காலை நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

பூவம்மாளுக்காக வந்திருக்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், நல்ல எண்ணம்தான். வழியில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே, இறைவனே நேரில் வந்து அழைத்துக்கொண்டார் என்று பெயிண்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். என்னால் அதைப் படிக்க முடியவில்லை அம்மா. சாமி ஒன்றும் அழைக்கவில்லை. சாமி சும்மா வாசலில் நின்றார். கரண்டியைப் போட்டது, எழுப்பியது, நிறுத்தியது, உயிர் போகிறவரை பிடித்திருந்தது எல்லாம் நான். என் ஆயுசில் நான் செய்த வேலையெல்லாம் யார் யார் பேரிலோ போய்விட்டது. இது ஒன்றாவது என் பேரில் இருக்கட்டும்.