கண்ணாடியின் இருபுறமும் முடிச்சக்கா

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, இடப்பக்கம் அமர்ந்திருக்கும் கணிதத் துறையினரே, வலப்பக்கம் அமர்ந்திருக்கும் என் இயற்பியல் துறையினரே, முன்வரிசையில் இருக்கும் முடிச்சக்காவின் கணவர் அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

முதலில் இந்த மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்கிறேன். எனக்கு முன்னால் பேசியவர் எங்கள் துறையின் ஏணி சார். அவர் உயரம் வேறு, என் உயரம் வேறு.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மைக் முன்னால் நிற்கும் முதல் ஆளும் நான்தான். எழுதி வைத்துத்தான் படிக்கிறேன், மன்னிக்க வேண்டும்.

நம் கணிதத் துறைத் தலைவர், பேராசிரியர், முடிச்சுகளின் ஆராய்ச்சியாளர், நமக்கெல்லாம் வெறும் முடிச்சக்கா, போன வாரம் மறைந்தார். இரு துறைகளையும் சேர்த்து அவர் நடத்திவந்த புதன்கிழமைக் கூட்டம் இனி நடக்குமா நடக்காதா என்பது இன்னும் முடிவாகவில்லை. இயக்குநர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: பொறுப்பெடுக்க ஆள் இருந்தால் கூட்ட அறையின் கண்ணாடித் தடுப்பு அப்படியே இருக்கும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் செங்கல் சுவர் எழும்பும், இரண்டு வகுப்பறை கிடைக்கும். அவர் மேல் தவறில்லை. இடப் பற்றாக்குறை எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அந்தக் கண்ணாடி என்ன கண்ணாடி என்று சொல்லாமல் விட்டால், நான் இங்கே வந்ததில் அர்த்தமில்லை.

ஒரே பெரிய அறை. நடுவில் கண்ணாடி, அதில் ஒரு கதவு. அந்தப் பக்கம் கணிதம், இந்தப் பக்கம் இயற்பியல். இரண்டு துறைக்கும் கரும்பலகை வரவில்லை என்பதால் கண்ணாடியிலேயே எழுதுவோம். தேநீர்க் கெண்டி மட்டும் எங்கள் பக்கம். கணிதத் துறையினர் எங்களைத் தேடி வந்ததற்கு முதல் காரணம் அந்தக் கெண்டிதான் என்று ஏணி சார் இன்றைக்கும் சொல்வார்.

முடிச்சக்கா என்ன செய்தார்? ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு இரண்டு முனைகளையும் ஒட்டிவிடுங்கள். இன்னொன்றையும் அப்படியே செய்யுங்கள். அறுக்காமல் ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியுமா? வாழ்நாள் முழுக்க அவர் கேட்ட கேள்வி இதுதான். தையல்கடை வைத்திருக்கும் என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நூல் சிக்கினா நாங்க அறுத்துப் போட்டுட்டு அடுத்த வேலையப் பாப்போம். இதுக்கா ஒரு ஆபீசு?" என்றார் அம்மா. முடிச்சக்காவிடம் போய்ச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்கம்மா கிட்ட சொல்லு, அறுக்கக் கூடாதுங்கறதுதான் எங்க தொழிலே."

நாங்கள் என்ன செய்கிறோம்? நுண்துகள்கள் நகரும் பாதைகளைக் கணக்கிடுகிறோம். அந்தப் பாதைகள் ஒன்றையொன்று சுற்றி வந்தால் அவையும் நூல் மாதிரி முடிச்சாகும். அந்த முடிச்சுக்கு எங்கள் கணக்கு ஒரு இயற்கணிதக் கோவையைக் கொடுக்கிறது. கணிதத்தில் முடிச்சுகளைப் பிரித்தறியப் பயன்படும் கோவையும் அதுவும் ஒன்றாக வந்து நிற்கின்றன. நூலைத் தொடாதவர்களும் துகளைப் பார்க்காதவர்களும் ஒரே விடையில் போய் முட்டிக்கொண்டால் ஆச்சரியமாக இருக்காதா?

முடிச்சக்காவுக்கு ஆச்சரியம் மட்டுமில்லை, கோபமும் இருந்தது. சாத்தியமான எல்லாப் பாதைகளையும் கூட்டுகிறோம் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கூட்டலுக்குக் கணிதத்தில் உறுதியான பொருள் இல்லை. ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"இல்லாத ஏணியில ஏறி மாடிக்கு வந்து உக்காந்திருக்கீங்க சார். வந்தது நிஜம், ஒத்துக்கறேன். ஏணி எங்க?"

"மேல வந்தாச்சு மேடம். ஏணிய நீங்க கட்டிக்கோங்க" என்றார், சற்றுமுன் இங்கே பேசிய இவர்.

அன்று முதல் இவர் ஏணி சார். முடிச்சக்கா ஏணி கட்டத் தொடங்கினார்.

அடுத்து வந்தது பெரிய சண்டை. முடிச்சுகளிலேயே எளியது, கயிறு தன்னையே மூன்று இடத்தில் குறுக்கே கடக்கும் முடிச்சு. அதற்கு அவர்கள் ஒரு விடை சொன்னார்கள், நாங்கள் ஒரு விடை சொன்னோம். எண்கள் ஒன்றுதான், அடுக்குக்குறிகளில் கூட்டல் இருக்கும் இடமெல்லாம் கழித்தல், கழித்தல் இருக்கும் இடமெல்லாம் கூட்டல். வாரக்கணக்கில் இரு தரப்பும் மாறி மாறிச் சரிபார்த்தார்கள். யார் கணக்கிலும் பிழையில்லை.

"உங்க ஆளுங்களுக்குக் கழித்தல்னா கசப்பா?" என்றது கணிதம்.

"உங்க ஆளுங்களுக்குச் சிரிச்சா வாய் சுளுக்கிக்குமா?" என்றது இயற்பியல்.

பேச்சு இப்படி வளர்ந்து, ஒரு கட்டத்தில் தேநீர் குடிக்கக்கூட அவர்கள் வரவில்லை. கதவு மூடியே கிடந்தது.

ஆனால் முடிச்சக்காவுக்குத் தேநீர் இல்லாமல் ஓடாது. ஒரு மதியம், யாரும் இல்லை என்று நினைத்துப் பூனை மாதிரி உள்ளே வந்தார். நான் மூலையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சும்மாவே நான் இருக்கும் இடம் தெரியாது. அவர் கோப்பையை வாயருகே கொண்டுபோனார், நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு என் முடிச்சத் திருப்பி வரைஞ்சது?"

யாரும் வரையவில்லை. அவரே தம் பக்கத்தில் நின்று கண்ணாடியில் வரைந்து, அழிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்த படம் அது. நாங்கள் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துப் பிரதி எடுத்திருந்தோம். எழுத்தாக இருந்திருந்தால் இடவலம் மாறியது கண்ணில் பட்டிருக்கும். முடிச்சுப் படத்தில் ஏது எழுத்து? இடக்கால் செருப்பை எப்படிப் புரட்டினாலும் வலக்கால் செருப்பாகாது அல்லவா? அந்த முடிச்சும் அப்படித்தான். அவர்கள் ஒரு கால் செருப்பை அளந்திருந்தார்கள், நாங்கள் மறு கால் செருப்பை அளந்திருந்தோம். இரண்டு கணக்கும் சரி.

உலகத்தில் வேறு எந்த அலுவலகத்தில் இப்படி ஒரு சண்டை வரும்?

அடுத்த நாள் அவர் கையில் ஒரு நைலான் கயிறு. இரு துறையையும் கூப்பிட்டு நிறுத்தி, அந்த முடிச்சைப் போட்டு, முனைகளை ஒட்டித் தூக்கிப் பிடித்தார். "இதச் சுத்தி வந்து பாருங்க. எந்தப் பக்கம் நின்னாலும் ஒரே முடிச்சுதான். கயித்துக்குப் பின்பக்கம்னு ஒன்னு கிடையாது. நாம வரைஞ்ச படத்துக்குத்தான் பின்பக்கம் இருக்கு." எல்லோரும் வரிசையாகக் கயிற்றைச் சுற்றி வந்தோம். ஏணி சார் இரண்டு தரம் வந்தார்.

அந்தக் கயிறு எங்கிருந்து வந்தது என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. பேருந்து ஓட்டிவிட்டுச் சீருடையோடு வந்து நின்றார் அவருடைய கணவர். "எல்லார் வீட்லயும் ஆபீசு சாமான் வீட்டுக்கு வரும். எங்க வீட்ல துணி காயப்போடற கொடி ஆபீசுக்கு வருது."

"இருங்க, ஆராய்ச்சி முடியட்டும்."

"அது எப்ப முடியறது, என் சட்டை எப்ப காயறது?"

முன்வரிசையில் சிரிக்கிறீர்கள் ஐயா. உங்களைச் சிரிக்க வைத்தால்தான் அவருக்குப் பிடிக்கும்.

அன்றிலிருந்து வந்ததுதான் புதன்கிழமை வழக்கம். கூட்டத்தின் பாதியில் தேநீர். தேநீர் முடிந்ததும் எல்லோரும் பக்கம் மாற வேண்டும். கணிதத்தார் இந்தப் பக்கம் வந்து எங்கள் வாதத்தைப் பேச வேண்டும்; நாங்கள் அந்தப் பக்கம் போய் அவர்கள் வாதத்தைப் பேச வேண்டும். முதல் வாரங்களில் உளறல்தான். "நான் என்னங்க இவ்வளவு மோசமாவா பேசறேன்?" என்று ஏணி சார் ஒருநாள் பரிதாபமாகக் கேட்டார். "இல்ல சார், நீங்க இன்னும் வேகமா பேசுவீங்க" என்றார் முடிச்சக்கா. ஆனால் உளற உளறத்தான் அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்பது எங்களுக்கும், நாங்கள் எங்கே தாவுகிறோம் என்பது அவர்களுக்கும் விளங்கியது. ஒரு வகை முடிச்சுகளுக்கு மட்டும், இரு கோவைகளும் ஏன் ஒன்றாக வருகின்றன என்பதை முடிச்சக்கா நிறுவி முடித்தார். ஏணியில் சில படிகள் நிஜமாகவே வந்துவிட்டன. மீதிப் படிகளைக் கட்டும் வேலையில் இருந்தபோதுதான் அவருடைய இருதயம் நின்றது.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஐயா அந்தக் கயிற்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். முடிச்சு இன்னும் அவிழவில்லை. "நான் புதுசா ஒரு கொடி கட்டிட்டேம்மா. இது உங்க கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

இயக்குநர் அவர்களே, பொறுப்பெடுக்க ஆள் வேண்டும் என்றீர்கள். துறையில் என்னைவிடப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் என்றால் எல்லோருமே. இருந்தாலும் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வரும் புதன்கிழமை கூட்டம் உண்டு. முடிச்சக்கா விட்ட படியிலிருந்து தொடங்குவோம். அவர் வாதத்தை ஏணி சார் பேசுவார். அவரிடம் இன்னும் கேட்கவில்லை; தலையாட்டுகிறார், நன்றி சார்.

இப்போது நம் முடிச்சக்காவுக்காக எல்லோரும் எழுந்து நின்று மௌனமாக இருப்போம். மௌனம் முடிந்ததும் ஒரு வேண்டுகோள். எழுந்த இடத்திலேயே யாரும் உட்கார வேண்டாம். இடப்பக்கம் இருப்பவர்கள் வலப்பக்கம் போங்கள், வலப்பக்கம் இருப்பவர்கள் இடப்பக்கம் வாருங்கள். நடுவழியில் முட்டிக்கொண்டால் பரவாயில்லை, அது அவருக்குப் பிடிக்கும்.