கண்ணாயியின் சுருக்குப் பையில் இருந்த போட்டோ

பெயர்: வெள்ளையம்மாள். வயது: அறுபத்திரண்டு இருக்கும். கணவர்: மாதப்பன், காலமாகிவிட்டார். ஊர்: சேர்வராயன் மலை, வெள்ளக்கடை. தொழில்: சொந்தக் காட்டில் காப்பியும் ஆரஞ்சும். படிப்பு: ஐந்தாம் வகுப்பு வரை. 1988ஆம் வருடம் தை மாதத்தில், போலீஸ் நிலையத்தில் வைத்து, ஏட்டு செல்வராஜ் அவர்கள் கேட்க நான் சொல்லியது.

நான் மேலே கண்ட ஊரில் என் மகள் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். எஸ்டேட்டில் நடந்ததை மட்டும் சொன்னால் போதும் என்று ஏட்டு அவர்கள் சொன்னார்கள். சொல்கிறவள் எப்படிப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவள் என்று தெரியாமல் சொல்லை எடைபோட முடியாது என்பதால், என் மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகளை முதலில் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். அவரும் சரி என்று எழுதிக்கொண்டார்.

மூத்தவன் செங்கோடன், சேலம் பஸ்ஸில் கண்டக்டர். எங்கள் ஊரில் இருந்து தோளில் பணப்பை மாட்டிய முதல் ஆள் அவன். கொண்டை ஊசி வளைவில் யாருக்காவது தலை சுற்றினால் தன் கையால் எலுமிச்சம்பழம் கொடுப்பான். அவன் பஸ் வரட்டும் என்று முன்னால் வரும் பஸ்ஸை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அடுத்தவன் சின்னசாமி, பத்தாவதில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்து, இப்போது ஐ.டி.ஐ.யில் மோட்டார் வேலை படிக்கிறான். கடைசிப் பெண் தனலட்சுமி ஓட்டப்பந்தயத்தில் எவர்சில்வர் டம்ளர் வாங்கினாள், நான் காலையில் காப்பி குடிப்பது அந்த டம்ளரில்தான். இவர்களுக்கு நடுவில் பிறந்தவள் அமுதா. சேலத்தில் நர்ஸ் படிப்பில் கடைசி வருடம். மலையில் பிறந்த பெண் வெள்ளை உடுப்புப் போட்டதை எங்கள் ஊரார் இன்னும் பேசி முடிக்கவில்லை. அவள் பிறந்தது முதல் எண்ணெய் தேய்த்து, தலைவாரி, களி உருட்டி ஊட்டி வளர்த்தது நான். அம்மாவைப் பெற்றவள் என்பதால் அவள் என்னை அம்மாயி என்று கூப்பிடுவாள்.

கண்ணாயியைச் சிறு வயதில் இருந்தே தெரியும். எனக்கும் அவளுக்கும் உறவு ஏதும் இல்லை. எங்கள் காட்டில் காப்பி வைக்கும் முன்பு நானும் அவளும் ஒரே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தோம். நான் கூடையில் பாதி பறிப்பதற்குள் அவள் கூடை நிரம்பிவிடும், அதைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரிப்பாள். அவள் புருஷன் ஐயாக்கண்ணு மரத்தில் இருந்து விழுந்து இறந்துவிட்டான். பிள்ளை இல்லை. அதன் பிறகு அவளுக்குச் சக்கரை நோய் வந்து, காலில் புண்ணாகி, சரிவில் நின்று பழம் பறிக்க முடியாமல் போனது. வேலைக்கு வருகிறவர்களுக்குத்தான் லைன் வீடு என்பதால், எஸ்டேட் ரைட்டர் அந்த வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அவள் ஒரு மூட்டையுடன் ஏற்காட்டுக்குப் போய்ச் சந்தைக் கொட்டகையில் படுத்துக்கொண்டாள்.

அமுதா லீவுக்கு வரும்போது முன்பெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக வீட்டுக்கு வருவாள். போன வருடம் மழைக்காலத்தில் இருந்து, இறங்கியதும் சந்தைக் கொட்டகைக்குப் போய், கண்ணாயி காலைக் கழுவி மருந்து வைத்துக் கட்டிவிட்டு, அதன் பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். நான் செய்து வைத்த களி அதற்குள் ஆறி, மேலே தோல் கட்டிவிடும். ஒரு முறை நானே எதிர்கொண்டு அழைத்துவரப் போனேன். அமுதா கண்ணாயியைக் கண்ணை மூடச் சொல்லி, அவள் பாதத்தை ஓர் ஈர்க்குச்சியால் தொட்டுத் தொட்டு, "இப்ப எங்கீங்க தொடறேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாயி, "நீ இன்னும் தொடவே இல்லியே சாமி" என்றாள். அப்போது குச்சி அவள் கட்டைவிரலில் இருந்தது. "உங்க காலுக்குச் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாதுங்க. நெருப்புகிட்ட மட்டும் காலை நீட்டிப்போடாதீங்க அம்மாயி" என்று அமுதா சொன்னாள். அம்மாயி என்று அவள் சொன்னது என்னை இல்லை.

அதன் பிறகு அன்றைக்கே அவளை மலையில் உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு அமுதாவும் நானும் கூட்டிக்கொண்டு போனோம். படுக்க வைத்துத்தான் புண்ணை ஆற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சீட்டு எழுதும் சன்னலில் இருந்தவர் எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டார். "சந்தைக் கொட்டகைங்க, மேற்கால தூண்" என்று கண்ணாயி சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் கூடச் சிரித்தாள். கூட இருக்க ஆள் இல்லாமல் படுக்க வைக்க முடியாது, சோறு வாங்கித் தரவும் கொல்லைக்குக் கூட்டிப்போகவும் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். அமுதா மறுநாள் காலேஜுக்குப் போக வேண்டும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். காட்டில் பழம் பழுத்து உதிர்கிறது, எனக்கு ஒழியாது என்று சொன்னேன். பழம் உதிர்ந்தது உண்மை. பறிக்க ஆள் இல்லாமல் இல்லை. அதன் பிறகு களிம்பும் மாத்திரையும் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார்கள். அவளுக்குச் சோறு கிடைப்பது சந்தை நாளில்தான்.

அதன் பிறகு மார்கழியில் குளிர் அதிகமானது. சந்தைக் கொட்டகைக்கு நாலு பக்கமும் சுவர் கிடையாது. கண்ணாயி மெல்ல நடந்து, எங்கள் ஊருக்கு வரும் வழியில் உள்ள பழைய எஸ்டேட்டுக்கே வந்துவிட்டாள். அங்கே காப்பிக் கொட்டையை உடைத்த பின் தொலியை மலைபோல் குவித்து ஓர் ஓரத்தில் தீ வைத்துவிடுவார்கள். அது சுடர் விடாது. மேலே சாம்பல் பூத்து ஆறினது போல இருக்கும், உள்ளே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். வீடு இல்லாதவர்கள் குளிருக்கு அதைச் சுற்றிப் படுப்பது வழக்கம். படுக்க விடக்கூடாது என்று உத்தரவு இருந்தும், வாட்ச்மேன் மனுவேல் அவர்களைத் துரத்தமாட்டான். தன் டீயிலும் பாதி கொடுப்பான்.

சம்பவத்துக்கு முந்தின நாள் மாலை செங்கோடன் டூட்டி முடிந்து வந்து, அமுதா கொடுத்தனுப்பினாள் என்று ஒரு பொட்டலம் தந்தான். நான் பிரித்துப் பார்த்தேன். கம்பளியில் பின்னிய காலுறை, சிவப்பு நிறம், அவளே பின்னியது. நான் உடனே காலில் மாட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. செங்கோடன் பார்த்துவிட்டு, "அம்மாயி, அது உங்களுக்கு இல்லீங்க. கண்ணாயி ஆயாவுக்கு" என்றான். நான் கழற்றினேன். "எங்காலு என்ன மரக்காலா, எனக்குக் குளிராதா?" என்று கேட்டேன். "உங்களுக்கு ஊடு இருக்குதுங்களே அம்மாயி" என்றான்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறுவதற்கு முன்பு, அந்தக் காலுறையை அவள் மடியில் வீசிவிட்டு நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்று நான் எஸ்டேட்டுக்குப் போனேன். கண்ணாயி தொலிக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால்களும் கணுக்கால் வரை தொலிக்குள் இருந்தன. போர்வையால் முக்காடு போட்டிருந்தாள்.

"ஏ வெள்ளையம்மா, வா வா. இப்படி உக்காரு, கதகதன்னு நல்லா இருக்குது" என்றாள்.

நான் உட்காரவில்லை. "எம் பேத்தி உனக்கு வேலைக்காரியா? உம் புண்ணைக் கழுவத்தான் நான் அவளைப் படிக்க வெச்சனா?" என்று கேட்டேன்.

"வேலைக்காரின்னு யாரு சொன்னா? பேத்தின்னுதான் சொல்றேன்" என்றாள்.

அதன் பிறகு அவள் இடுப்பில் இருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, மாத்திரை அட்டைக்கு அடியில் இருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினாள். அமுதா வெள்ளை உடுப்பும் தலையில் தொப்பியுமாக நிற்கிற படம். அந்தப் படம் வேண்டும் என்று நான் ஆடியில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருந்தது ஒன்றுதான், இன்னொன்று கழுவி அனுப்புகிறேன் அம்மாயி என்று அமுதா சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த ஒன்று இவள் பையில் இருந்தது.

"இது ஏது உனக்கு?" என்று கேட்டேன்.

"அமுதாக் கண்ணுதான் குடுத்துச்சு. ஆஸ்பத்திரி சன்னல்ல எந்த ஊரு, எந்த ஊடுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? இதைக் காட்டி, இது எம் பேத்தி, நர்ஸுக்குப் படிக்குதுன்னு சொன்னா, 'உக்காருங்கம்மா'ங்கறாங்க. மாத்திர உடனே வருது. போன வாட்டி ஒரு டாக்டரு எனக்கு வணக்கம் வெச்சாரு வெள்ளையம்மா" என்றாள். சொல்லிவிட்டு, கூடை நிரம்பினால் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தாள்.

எம் பேத்தியை உம் பேத்தி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயா என்று நான் சத்தம் போட்டேன். படத்தைக் கொடு என்று பிடித்து இழுத்தேன், அவள் கொடுக்கவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் இப்படிப் பேசிக்கொண்டிருந்தோம். அந்த நேரம் முழுவதும் அவள் கால் உள்ளேயே இருந்தது. தொலி எரிகிற வாடை எங்களுக்குப் பழகினது. அதற்குள் வேறொரு வாடை கலந்து வந்ததை முதலில் சொன்னது, தள்ளி நின்ற மனுவேல். நான் குனிந்து பார்த்தபோது அவள் கணுக்காலைச் சுற்றிப் புகை வந்துகொண்டிருந்தது.

"காலை எடுடி" என்றேன்.

"ஏன், இன்னும் சூடே ஏறலியே" என்றாள்.

நான் அவள் இரண்டு முழங்காலையும் பிடித்து இழுத்தேன். அவள் கத்தவில்லை, முகமும் சுளிக்கவில்லை. தன் காலைப் பார்த்துவிட்டு, "யாரு காலு வெள்ளையம்மா இது?" என்று கேட்டாள். மனுவேல் குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினான். நான் என் முந்தானையைக் கிழித்து நனைத்துச் சுற்றினேன். அதன் பிறகு எஸ்டேட் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே முடியாது என்று அவளைச் சேலத்துக்கு அனுப்பினார்கள், நான் ஊருக்குத் திரும்பினேன். ஜீப்பில் நினைவு தப்பும்வரை அவள் சுருக்குப் பையை விடவில்லை. சேலத்தில் அந்தப் பையைப் பிரித்து, போட்டோவின் பின்புறம் அமுதா என் பெயரும் ஊரும் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துத்தான் ஏட்டு அவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். கண்ணாயிக்கு ஏதாவது என்றால் சொல்லி அனுப்ப என் விலாசத்தைத்தான் அவள் எழுதியிருக்கிறாள்.

தீக்காயம் என்பதால், துரத்துவதற்காக வாட்ச்மேன் தள்ளிவிட்டானா என்று கேட்டார்கள். மனுவேல் தள்ளவில்லை. யாரும் தள்ளவில்லை. அவளாகத்தான் காலை வைத்தாள், குளிருக்கு வைத்தாள். சூடு தெரியாததால் எடுக்கவில்லை. விசாரணைக்கு என்று இங்கே உட்கார வைத்திருக்கும் மனுவேலை வீட்டுக்கு அனுப்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது கண்ணாயிக்கு நினைவு வந்துவிட்டதாகவும், இரண்டு பாதத்திலும் விரல்களை எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றும், கையெழுத்துப் போடவும் கூட இருக்கவும் ஆள் வேண்டும் என்றும் சொல்கிறார்கள். பரீட்சையை விட்டுவிட்டு நானே இருக்கிறேன் என்று அமுதா சொன்னாளாம். கட்டிலில் உட்கார்ந்து கண்ணாயிக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள் என்றும் செங்கோடன் வந்து சொன்னான். அமுதா பரீட்சை எழுத வேண்டும். கண்ணாயி தலையை வாருவதற்கு என் பேத்தி கை வேண்டியதில்லை, நான் வாரிவிடுவேன். இன்று மதியம் செங்கோடன் பஸ்ஸிலேயே மலை இறங்கிச் சேலத்துக்குப் போகிறேன். பழத்தை மகள் பார்த்துக்கொள்வாள்.

நீங்கள் அவளுக்கு என்ன உறவு என்று அங்கே கேட்பார்கள். உறவு ஏதும் இல்லை என்று முன்னால் எழுதியதை அடிக்க வேண்டாம், அது பிறப்பால் உள்ளது. என் பேத்தியைத் தன் பேத்தி என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவிட்டபடியால், நானும் அவளும் அக்கா தங்கை முறை ஆகிறோம். நான் அக்கா. அவள் தங்கை. இதை மாற்றி எழுதிவிட வேண்டாம்.

இதில் உள்ளது என் வாயால் வந்தது. ஏட்டு அவர்கள் எழுதியதை நானே எழுத்துக் கூட்டி முழுதும் படித்தேன். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. கைநாட்டு வைக்க மையை நீட்டினார்கள், எனக்குத் தேவைப்படவில்லை.

(ஒப்பம்) மா. வெள்ளையம்மாள்

ஒப்பமிட்ட பிறகு சாட்சி கேட்டுக்கொண்டபடி சேர்த்தது:

விசாரணைக்காக நிலையத்தில் வைத்திருக்கும் போட்டோவைக் கண்ணாயியின் சுருக்குப் பையிலேயே திரும்ப வைத்துவிடவும். அது இல்லாமல் சன்னலில் அவளை யார் என்று கேட்பார்கள். என் பேத்தி அமுதா, பரீட்சை முடிந்ததும், தொப்பி வைத்துப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து, என் விலாசத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். செங்கோடன் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம், வழியில் அவன் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவான். பின்புறம் யார் ஊரும் எழுத வேண்டாம். 'என் அம்மாயிக்கு' என்று மட்டும் எழுதினால் போதும்.

(ஒப்பம்) மா. வெள்ளையம்மாள்