ஆண்கள் பிரிவில் மூன்றாவது

– மெதுவா நடந்து போயிட்டு வாம்மான்னுதானே சொன்னேன்? ஓட்டப் பந்தயத்துல உன்னை யாரு மூணாவதா வரச் சொன்னா?

– கத்தாதீங்க. கால் வெந்நீர்ல இருக்கு, எந்திரிச்சு வந்து பதில் சொல்ல முடியாது.

– அதாவது, ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல என் பேரு. நாற்பது வயசுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவு, மூணாவது இடம். வாட்ச்மேன்ல ஆரம்பிச்சு எல்லாரும் கை குடுக்கறாங்க. இன்னிக்கு லிஃப்ட்ல ஏறினா, ஓடறவனுக்கு லிஃப்ட் எதுக்குங்கற மாதிரி பாக்கறாங்க.

– படி ஏறுங்க. உடம்புக்கு நல்லது.

– ஏறினேன். ரெண்டாவது மாடியில உட்கார்ந்துட்டேன். அதாவது, நான் கேட்டது என்ன? என் நம்பர் அட்டையைக் குத்திக்கோ, என் பேரு அடிச்ச பனியனைப் போட்டுக்கோ, தொப்பியை இழுத்து விட்டுக்கோ, முடிவுக் கோட்டைத் தாண்டிட்டு வா. ஆபீஸ்ல நானும் ஓடினேன்னு பேர் இருக்கணும், அவ்வளவுதான்.

– ஓட வேண்டிய அன்னிக்கு உங்களுக்குத்தான் கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சே. கட்டிலை விட்டு இறங்காமலே.

– வலி வர்றதுக்கு இறங்கித்தான் ஆகணுமா? நீ ஏன் ஓடினே, அதைச் சொல்லு.

– நடக்கத்தாங்க ஆரம்பிச்சேன். முன்னாடி ஒருத்தர், இடுப்புல சாவிக்கொத்து. சலங் சலங்னு ஒரே சத்தம். அதைக் கேட்டுக்கிட்டே எவ்வளவு தூரம் போறது? தாண்டினேன். அப்புறம் ஒரு மஞ்சத் தொப்பி, திரும்பிப் பார்த்து லேசா சிரிச்சாரு. என்னத்துக்குச் சிரிப்பு? அவரையும் தாண்டினேன். அப்புறம் சிவப்பு அரைக்கால் சட்டை. புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு.

– அவருதான் எங்க மேனேஜர்.

– எனக்கு எப்படித் தெரியும்?

– "முகமே பாக்க முடியலைய்யா. முதுகுல உன் பேரு மட்டும் தூரத் தூரப் போச்சு"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்றாரு. இனிமே ஞாயித்துக்கிழமை சேர்ந்து ஓடலாமாம்.

– உங்க ஷூவுல துணியை அடைச்சுக்கிட்டு ஓடினேன். கட்டைவிரல் நகம் கறுத்துப் போச்சு, பாருங்க.

– அடப்பாவமே. அதாவது, நீ தினம் காலையில பார்க்குக்கு நடக்கத்தானே போறே?

– முதல்ல நடந்தேன். ஓட ஆரம்பிச்சு ரெண்டு வருஷமாச்சு. வேர்த்து வழிய வந்து நின்னா, பேப்பர்ல இருந்து தலையை எடுக்காம, "காபி ஆச்சா?"ம்பீங்க.

– சரி, தப்புதான். தினம் ஓடறேல்ல? அது போதாதா? போட்டியில வேற எதுக்கு?

– தினம் யாரைங்க தாண்டறேன்? குப்பை வண்டியை. அதுவும் அது நின்னாத்தான். நான் வேகமா ஓடறேனா, ஊர்ந்து போறேனான்னு சொல்ல யாரு இருக்கா? நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது. கோட்டுக்கிட்ட முன்ன பின்ன தெரியாத ஒரு அம்மா பனியனைப் படிச்சு, உங்க பேரைச் சொல்லிக் கை தட்டினாங்க. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அழுகையும் வந்துச்சு. மெடலுக்கு மேடைக்குக் கூப்பிட்டப்பத்தான் இன்னும் வேகமா ஓடினேன், வீட்டுக்கு.

– எனக்கு இப்ப வேற கவலை. அதாவது, அடுத்த மாசம் இன்னொரு ஓட்டம். ஆபீஸ் சார்பா என் பேரை மேனேஜரே குடுத்துட்டாரு. நீதாம்மா மானத்தைக் காப்பாத்தணும்.

– ஓடறேன். நேத்து வெளியே ஓடி வர்றப்பவே வாசல்ல மேசை போட்டு அடுத்த மாச ஓட்டத்துக்குப் பேர் எழுதிக்கிட்டிருந்தாங்க. அங்க மட்டும் நின்னு பேர் குடுத்துட்டேன்.

– நீ தெய்வம்மா. மேனேஜர் பக்கத்துலயே ஓடுவாரு, தொப்பியை மட்டும் நல்லா இழுத்து விட்டுக்கோ.

– தொப்பி வேண்டாங்க. உங்க பனியனைத் துவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன். அதைப் போட்டுக்கிட்டு நீங்க அவரு கூடவே ஓடுங்க. இந்தத் தடவை என் பேரு அடிச்ச பனியன் எனக்கு வருது. தூரத் தூரப் போறப்ப, ரெண்டு பேருமாச் சேர்ந்து படிங்க.