தொண்டையில நிக்கிற பஞ்சு

பேசாதீங்க சார், பேசாதீங்க... தொண்டைக்கு ஓய்வு குடுங்கன்னு டாக்டர் சொன்னாருல்ல? இந்தாங்க, பனங்கல்கண்டு போட்ட பால். மெதுவாக் குடிங்க. நான் பேசுறேன், நீங்க கேட்டாப் போதும். எங்க மாடிக்குக் குடிவந்து ஒரு மாசம்கூட ஆகல, நேத்து உங்களை ஈஸ்டர் விருந்துக்குன்னு கூப்புட்டு, இப்படி இரும வச்சு அனுப்பிட்டோம்... சே!

எல்லாம் அந்த ஆர்ட்டிசோக்குங்கிற காய் பண்ணுன வேலை. நீங்க முழுசாப் பாத்திருக்க மாட்டீங்க. தாமரை மொட்டுக்கு எறும்புத்தின்னி தோலைப் போத்துன மாதிரி இருக்கும். செதில் செதிலா, நுனியில முள்ளு. மாப்பிள்ளையோட அம்மா இத்தாலியில தோட்டத்துல வளத்தாங்களாம். எம்பொண்ணு ஜூலியட்டு ஆறு காயை துணிக்கு நடுவுல சுத்தி, பெட்டியில வச்சுத் தூக்கிட்டு வந்திருக்கா. அவங்க குடியிருக்கிற பாரிசுலேருந்து இங்க காரைக்காலுக்கு! மனுசன் செண்டு கொண்டாருவான், சாக்லேட்டு கொண்டாருவான்... முள்ளையா கொண்டாருவான்?

நாங்க தவக்காலம் நாப்பது நாளும் கவுச்சி தொடல சார். ஈஸ்டர் அன்னிக்கு ஆட்டுக்கறி கொதிக்கிற வாசனைக்கே பாதிப் பேரு உயிர்த்தெழுவான். நேத்து என்னாச்சு? மாப்பிள்ளை லூக்கா வந்து நிக்கிறாரு. "மாமா, இன்னிக்கு ஒருநாள் நான் சமைக்கிறேன், எங்கம்மா செய்யிற பாஸ்தா." எம்பொண்ணு சொல்லிக்குடுத்த தமிழு. கல்யாணமாகி ரெண்டு வருசத்துல மொத தடவை வந்திருக்காரு, எப்படி மாட்டேங்கிறது? என் சம்சாரம் இருதயமேரி இருக்காளே, உடனே அடுப்படியைத் தூக்கிக் குடுத்துட்டா. என்னை ஒரு டீ போட விடமாட்டா!

பாஸ்தாவாம் பாஸ்தா. சேமியாவுக்குப் பெரியண்ணன், வேறென்ன? அதையும் முழுசா வேக விடமாட்டாங்க. பல்லுல லேசாத் தட்டுப்படணுமாம். பல்லுல தட்டுப்பட்டா எங்க ஊருல அதுக்குப் பேரு அரைவேக்காடு! பூண்டு, எலுமிச்சம்பழம், ஒரு எண்ணெய்... அதுக்கு மேல ஊறப்போட்ட சாக்ஸு மாதிரி நாறுற சீஸு. மொளகாத்தூள் டப்பாவை நானே எடுத்து நீட்டுனேன் சார். சிரிச்சுக்கிட்டே தள்ளி வச்சுட்டாரு.

அந்தக் காயை அரியிற லட்சணத்தைக் கேளுங்க. செதில் ஒன்னொன்னாப் பிச்சுக் குப்பையில. நுனியை வெட்டிக் குப்பையில. நடுவுல பஞ்சாட்டம் பூ இருக்கு பாருங்க, அதைக் கரண்டியால சுரண்டி அதுவும் குப்பையில! கடைசியில என்ன மிஞ்சுது? அடியில ஒத்த ரூபா வட்டத்துக்கு ஒரு துண்டு. இதுக்கா ஏழு கடல் தாண்டி...

குடிங்க, ஆறிடும்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். மொத வாயிலயே நீங்க இரும ஆரம்பிச்சீங்க, இருதயமேரி இருமுனா, எங்க மரியமுத்து அண்ணன் தண்ணிச் சொம்பைத் தேடுனாரு. இந்தக் கல்யாணமே வேணாம்னு குதிச்ச ஆளு சார் அவரு. சும்மா இருப்பாரா? "வெள்ளக்கார மாப்பிள்ளை நமக்கு முள்ளு பரிமாறிட்டாருடா"ன்னு உரக்கவே சொல்லிச் சிரிச்சாரு. ஜூலியட்டுக்கு மொகம் சிவந்து போச்சு. "ஒழுங்கா சுத்தம் பண்ண மாட்டீங்களா?"ன்னு எல்லாரு முன்னாலயும் அவரைப் புடிச்சுக்கிட்டா. அவரு பண்ணேன் பண்ணேங்கிறாரு, இவ நம்பல. நேத்துலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சில்ல. காலையில அவங்கம்மாவுக்குப் போனு போட்டாரு. அந்தம்மா, 'நான் முத்துன காயாப் பறிச்சுக் குடுத்துட்டேனோ'ன்னு அழுறாங்களாம். என்னைப் பாக்குறப்பல்லாம் "மன்னிச்சுடுங்க மாமா"ங்கிறாரு. கக்கூசு வாசல்லகூடச் சொல்றாரு சார்! நாளைக்குக் கெளம்புறாங்க.

சரி, ஒன்னு கேக்குறேன்... தலையை மட்டும் ஆட்டுங்க. வாழப்பூ சாப்புடுவீங்கல்ல? அதுல மடலைத் தூக்கிப் போடுவோம், உள்ள இருக்கிற பூவைத்தானே எடுப்போம்? நரம்பு எடுத்து, மோருல போட்டு வச்சா கறுக்காது. எங்க வீட்டுல முப்பது வருசமா அது என் வேலை. அடுப்படியில இருதயமேரி என்னை நம்பி விடுற ஒரே வேலை.

அந்த மனுசன் பூவைக் குப்பையில போடுறதைப் பாத்ததும் எனக்குப் பொறுக்கல சார். மடலைத் தின்னுட்டுப் பூவை எறியிற மாதிரி இருந்துச்சு. விவரம் தெரியாத பய, நல்லதைப் போட்டுட்டு அடிக்கட்டையை வச்சிருக்கான்னு... மாப்பிள்ளை குளிக்கப் போனாரு. நான் அந்தப் பஞ்சை எடுத்து அலசி, மோருல போட்டு, பொடிசா அரிஞ்சு... கொதிச்சிக்கிட்டிருந்த சட்டியில கலந்துட்டேன்.

இப்படிப் பாக்காதீங்க சார். தொண்டையைப் புடிக்கும்னு எனக்கென்ன தெரியும்?

அப்பவே சொல்லியிருக்கணும். அண்ணன் சிரிச்சப்ப வாய் வரைக்கும் வந்துச்சு. வெளியதான் வரல. ராத்திரி பூரா யோசிச்சேன். ருசி கூடட்டும்னுதான் போட்டேனா, இல்ல... என் அடுப்படியில வந்து எம்பொண்ணு முன்னால ஒருத்தன் அப்படிப் பேரு வாங்குறது எனக்குப் புடிக்கலையா? அந்தாளு எல்லாரையும் இரும வச்சுட்டு முழிச்சு நின்னப்ப, உள்ளுக்குள்ள ஒரு நிமிசம்... ஒரே ஒரு நிமிசம்தான் சார்... சந்தோசமா இருந்துச்சு.

நீங்க யாருகிட்டயும் சொல்ல வேணாம், என்ன? நாளைக்கு பிளேனு ஏறிப் போயிட்டாங்கன்னா தானா மறந்துடும். எல்லாம் அந்த முள்ளுக்காய் பண்ணுனது, அவ்வளவுதான்...

என்ன, டம்ளரை வச்சிட்டீங்க? பாதிகூடக் குடிக்கல. எங்க எந்திரிச்சீங்க? சார்... செருப்பு எதுக்கு? கீழயா? கீழ எதுக்கு? உங்களால பேசவே முடியாது, என்னன்னு சொல்லுவீங்க? ஜாடையில சொல்லுவீங்களா? வாழப்பூவை ஜாடையில எப்படி சார்... அட, படி வழுக்கும், மெதுவா!

நில்லுங்க சார். உங்க வாயிலேருந்து... உங்க கையிலேருந்து அது தெரிய வேணாம். நில்லுங்க, நானே வர்றேன். அண்ணன் வேற உக்காந்திருக்காரு... இருக்கட்டும், அவரும் கேக்கட்டும்.

லூக்கா! மாப்பிள்ளை! அம்மாவுக்குப் போனைப் போடுங்க... காயில ஒன்னும் இல்ல, உங்க மேலயும் ஒன்னும் இல்ல. பஞ்சைப் போட்டது நானு!