ஏரிக்கரை உணவகத்தின் பதினான்கு பலகைகள்

என் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி. ஆனால் 'சாய அக்கா' என்று கேட்டால்தான் ஊரில் என்னைத் தெரியும். வயது நாற்பத்தேழு. மரக்கடைக்குப் பின் தெருவில், பேக்கரிக்கு மேல்மாடியில், பேருந்து ஓட்டுநரான என் கணவருடன் குடியிருக்கிறேன். வெயிலிலும் மழையிலும் நிற்கும் மரத்தளம், வேலி ஆகியவற்றின் பழைய பூச்சை உரித்து, ஸ்டெயின் என்ற சாயம் ஏற்றுவது என் தொழில். பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். கணவரின் தங்கையான என் நாத்தனார் எனக்குக் கூட்டு. நான் பூசியது உரிந்துவிட்டது என்று இதுவரை ஒருவரும் என் வாசலில் வந்து நின்றதில்லை.

சென்ற மாதம் நான்காம் தேதி ஏரிக்கரை உணவகத்தின் உரிமையாளர் எங்களை அழைத்து, தோட்ட வேலியையும், ஏரித் தண்ணீருக்கு மேல் நீட்டிக் கட்டியுள்ள மரத்தளத்தையும் புதுப்பிக்கச் சொன்னார். முதலில் வேலியை எடுத்துக்கொண்டோம். கரைக்கும் மருந்து தடவி, பழைய பெயின்ட்டைச் சுரண்டி, கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, தண்ணீர் தெளித்து மரம் குடிக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே சாயம் ஏற்றினோம். மரம் குடித்தது போக மேலே நின்றதைத் துணியால் துடைத்து எடுத்தோம். துடைக்காமல் விட்டால் பிசுபிசுக்கும். எண்ணெய்ச் சாயம் பட்ட துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்பதால் துணிகளை விரித்துக் காயப்போட்டோம்.

அதன் பிறகு மரத்தளத்தை உரித்தோம். தண்ணீர்ப் பக்கத்தில் மூன்று அடுக்குப் பெயின்ட் போனதும், பலகை இடுக்கில் தெரிந்த தாங்கு கட்டை கறுத்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்தினேன். கைப்பிடி வரை இறங்கியது. உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அக்கா, உங்களச் சாயம் பூசத்தான் கூப்பிட்டேன், ஜோசியம் சொல்ல இல்ல. ரெண்டு கோட் அடிச்சு மூடுங்க" என்றார்.

"பூசினா மூடும் தம்பி, தாங்காது. கட்டைய மாத்துங்க, அப்புறம் வந்து பூசுறேன்" என்று சொல்லிவிட்டுச் சாமான்களைக் கட்டினேன். வழியில் நாத்தனார், "நல்ல வேலை கைய விட்டுப் போச்சே அண்ணி" என்றார். பிறகு அவரே, "போகட்டும், அது மேல நம்ம பேரு வேண்டாம்" என்றார்.

அதன் பிறகு, நேற்று சனிக்கிழமை மதியம் பேருந்தில் அவ்வழியே போனபோது, அந்தத் தளம் பழுப்புப் பெயின்ட்டில் பளபளத்ததைப் பார்த்தேன். கட்டையை மாற்றியிருப்பார் என்று நினைத்து இறங்கிப் போய்க் கரைச் சரிவிலிருந்து குனிந்து பார்த்தேன். அதே கறுத்த கட்டைதான் இருந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு இசைப்பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் அந்தத் தளத்தில் நின்று பாடுவார்கள் என்று வாசலில் தட்டி வைத்திருந்தது. உரிமையாளருக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் துண்டித்தார். இசைப்பள்ளிக்குப் போனேன், பூட்டியிருந்தது. நகர அலுவலகத்துக்கும் விடுமுறை. காவல் நிலையத்துக்கு வந்து சொல்லியிருக்கலாமே என்று அதிகாரி கேட்கிறார். சொல்லியிருக்கலாம். அது தோன்றவில்லை. கையில் இருக்கும் கருவிதான் தோன்றியது.

இன்று காலை ஏழு மணிக்கு நானும் நாத்தனாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் உள்ளே போய், தண்ணீர்ப் பக்கத்துப் பலகைகள் பதினான்கின் ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தோம். பலகைகளின் அடியில் சாக்கட்டியால் எண் போட்டு வரிசையாக அடுக்கினோம். யாரும் தவறி விழாதபடி குறுக்கே கயிறு கட்டினோம். ஒன்பதேகாலுக்கு உரிமையாளர் வந்து, "யாரைக் கேட்டு என் சொத்துல கைய வச்ச?" என்று கத்தினார். ஸ்குரூ டிரைவரை நீட்டி, "ஒரு குத்து குத்திப் பாருங்க தம்பி, இறங்கலேன்னா நானே மறுபடி மாட்டிட்டுப் போறேன்" என்றேன். அவர் வாங்கவில்லை. உங்களுக்குப் போன் செய்தார்.

அப்போது இசை ஆசிரியை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தார். கயிற்றருகே நின்று குடை நுனியால் கட்டையைத் தட்டினார். ஒரு கை அளவு துண்டு பிய்ந்து தண்ணீரில் விழுந்தது. உடனே ஆசிரியை பிள்ளைகளை எண்ணி, தோட்டத்துக்குள் வேலி ஓரமாக நிறுத்தினார். எல்லாரும் வெள்ளைச் சட்டை. பலர் வேலியில் சாய்ந்துதான் பாடினார்கள். ஒரு முதுகிலும் சாயம் ஒட்டவில்லை. நீங்கள் ஜீப்பில் வந்தபோது மூன்றாவது பாட்டு நடந்துகொண்டிருந்தது. முடியட்டும் என்றேன், நீங்களும் நின்றீர்கள்.

அனுமதியின்றி நுழைந்தது உண்மை. மறுக்கவில்லை, வருந்தவும் இல்லை. நாத்தனார் நான் கூப்பிட்டதால்தான் வந்தார். கட்டையை மாற்றினால் பலகைகளை நானே திரும்பப் பொருத்தித் தருகிறேன்.

இந்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எழுதிய காவலர், புகாரில் கண்டபடி 'பலகைகளை உடைத்தேன்' என்று எழுதியிருந்தார். ஒரு பலகையிலும் கீறல்கூட விழவில்லை, வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம் என்றேன். அதிகாரி ஆளனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். ஆள் திரும்பி வந்தபின் அந்தச் சொல் அடிக்கப்பட்டு 'கழற்றினேன்' என்று என் முன்னிலையில் திருத்தப்பட்டது. இப்போது இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் நான் சொன்னது, நடந்தது. திருத்தத்தின் ஓரத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)